மாமாவின் இருப்பும் என் ஷீட்டும்

என் மாமனார் கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரவுச் சாப்பாடு முடிந்ததும் நீளமான கணக்கு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு, அடியில் கோடு போட்டு இருப்பு. எழுதி முடித்த பிறகு சட்டைப் பையில் இருப்பதையெல்லாம் கட்டிலில் கொட்டி எண்ணுவார். நோட்டில் 1,346 என்றால் கட்டிலிலும் 1,346 இருக்க வேண்டும். ஆறு ரூபாய் இடித்தால் அத்தையைக் கூப்பிட்டு, "கீரைக்கு எதுவும் கொடுத்தியா?" என்று ஆரம்பித்துவிடுவார். கல்யாணமாகித் திருச்சிக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய வேடிக்கை. ஆறு ரூபாய்க்கு அரை மணி நேரமா என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நான் எக்செல் தெரிந்தவள், கல்லூரி அலுவலகத்தில் தினமும் அதில்தான் வேலை, அந்தத் திமிர்.

அந்தத் திமிரோடு வீட்டுக் கணக்குக்கென்று போட்ட மூன்று ஷீட்டுகள் அடுத்தடுத்துச் செத்துப்போயின. நாலாவது 2021-லிருந்து உயிரோடு இருக்கிறது. மூன்று ஏன் செத்தது, ஒன்று ஏன் பிழைத்தது என்று எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதல் ஷீட் பார்க்க அழகாக இருந்தது. ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு தாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், மேலே தேதி, பக்கவாட்டில் செலவு இனங்கள், நடுவில் கட்டங்கள். ஒரு வருஷம் ஒழுங்காக நிரப்பினேன். அப்புறம் ஒருநாள் இவர், "போன வருஷத்துலேர்ந்து மருந்துக்கு எவ்வளவு ஆயிருக்கும்?" என்று கேட்டார். பன்னிரண்டு தாளையும் திறந்து திறந்து ஒவ்வொரு எண்ணாகக் கூட்ட வேண்டியிருந்தது, அதுவும் நடுவில் ஒரு மாதத்தில் நான் ஒரு வரிசை கூடுதலாகச் செருகியிருந்ததால் எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போயிருந்தது. அன்றோடு சரி.

இரண்டாவது, இணையத்தில் கிடைத்த ரெடிமேட் ஷீட். வெளிநாட்டுக்காரர் யாரோ செய்தது. அதில் நாய்க்குட்டி செலவுக்குக் கட்டம் இருந்தது, மொய்க்கு இல்லை. சீட்டுப் பணத்துக்கு இல்லை, சித்தப்பாவுக்குக் கொடுத்த கைமாற்றுக்கு இல்லை, தீபாவளிக்கு வேலைக்கார அக்காவுக்கு எடுக்கும் புடவைக்கு இல்லை. இவை எல்லாம் "இதர" என்ற ஒரே கட்டத்தில் போய் விழுந்து, கடைசியில் வீட்டுச் செலவில் பாதி "இதர" ஆகிவிட்டது. அடுத்தவர் வீட்டு அலமாரியில் நம் துணியை அடுக்கப் பார்த்த கதை.

மூன்றாவதில் நேர்மாறாகப் போனேன். 43 இனங்கள். காய்கறி தனி, கீரை தனி, பழம் தனி, பால் தனி, தயிர் தனி. தினமும் ராத்திரி இருபது நிமிஷம் இதற்கே போனது. இரண்டரை மாதம் தாங்கியது. அதிலும் மாதக் கடைசியில் மளிகை மொத்தம் 2,900 ரூபாய் என்று காட்டியது. எங்கள் வீட்டில் ஆறு பேர், 2,900-க்கு எண்ணெயும் பருப்பும் வாங்கினாலே முடிந்துவிடும். என்னவென்று பார்த்தால், நான் "மளிகை" என்று அடித்திருக்கிறேன், இவர் "மளிகை சாமான்" என்று அடித்திருக்கிறார், வேறொரு நாள் "அண்ணாச்சி கடை". இன்னொரு இடத்தில் "மளிகை" சரியாகத்தான் இருந்தது, ஆனால் பின்னால் ஒரு இடைவெளி சேர்ந்திருந்தது, கண்ணுக்கே தெரியாது. கம்ப்யூட்டருக்கு இவை நாலும் நாலு வேறு சாமான்.

இந்த மூன்றும் போன பிறகுதான் மாமாவின் நோட்டை உருப்படியாகப் பார்த்தேன். அதில் கீரைக்கு மாதம் எவ்வளவு என்று அவரால் சொல்ல முடியாது, அவருக்கு அது தேவையும் இல்லை. அவருக்கு ஒரே கேள்வி: வந்த பணத்தில் கணக்கு தெரியாமல் போனது ஏதாவது உண்டா? அந்த ஒரு கேள்விக்குத்தான் அந்த நோட்டு. அதனால்தான் வருஷக்கணக்கில் ஓடுகிறது. நான் கேள்வியே இல்லாமல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

சரி, எனக்கு என்ன கேள்வி என்று யோசித்தேன். மூன்று தேறியது. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஏன் நகையை அடகு வைக்கிறோம்? இவருடைய கடையிலிருந்து வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு வருகிறது? வீட்டுக் கடன் எப்போது முடியும்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத எந்தக் கட்டமும் ஷீட்டில் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

இப்போது இருக்கும் ஷீட்டில் பதிவுக்கு ஒரே ஒரு தாள். மாதத்துக்கு ஒன்று கிடையாது. ஐந்து வருஷமும் அதே தாளில் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கிறது. ஐந்து பத்திகள்: தேதி, தொகை, இனம், எந்தக் கணக்கிலிருந்து, குறிப்பு. வரவு என்றால் அப்படியே, செலவு என்றால் முன்னால் கழித்தல் குறி. இவ்வளவுதான். மாதவாரியாக வேண்டுமா, இனவாரியாக வேண்டுமா, அதற்குப் பிவட் டேபிள் இருக்கிறது, இரண்டு சொடுக்கில் அதுவே கூட்டித் தரும். பிவட் டேபிள் என்றால் பயப்படுகிறவர்களை என் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் வந்துவிடும், உளுந்துவடைக்கு நடுவில் ஓட்டை போடுவதைவிடச் சுலபம்.

இனம் 43-லிருந்து 11 ஆனது. சாப்பாட்டுச் சாமான் எல்லாம் ஒன்று, பால் கீரை மீன் உட்பட. கரண்ட், கேஸ், போன் பில்கள் ஒன்று. பெட்ரோலும் பஸ்ஸும் ஒன்று. மருந்து, பள்ளி, கடன் தவணை, காப்பீடும் வரியும், விசேஷம், வெளிச்சாப்பாடு, துணிமணி வீட்டுச் சாமான், பதினொன்றாவதாக "தெரியாது". இந்தத் "தெரியாது" தான் ஷீட்டைக் காப்பாற்றியது என்பேன். முன்பெல்லாம் எதற்குப் போனதென்று நினைவில்லாத 200 ரூபாய்க்காகப் பதிவையே நிறுத்திவிடுவேன், ஒரு வாரம் விட்டுப்போகும், அப்புறம் ஒரு மாதம். இப்போது "தெரியாது, 200", முடிந்தது. இனம் எழுதும் பத்தியில் யாரும் கையால் அடிக்க முடியாது. டேட்டா வேலிடேஷன் வைத்து, பட்டியலில் இருப்பதைத் தேர்ந்தெடுக்க மட்டும்தான் விடும். அண்ணாச்சி கடைப் பிரச்சினை அதோடு ஒழிந்தது.

தேதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கூகுள் ஷீட்ஸில் தொடங்கும்போது நான் செட்டிங்ஸில் நாட்டைப் பார்க்கவில்லை, அது அமெரிக்காவாக இருந்தது. 03/04 என்று அடித்தால் ஏப்ரல் மூன்று என்று நான் நினைக்க, அது மார்ச் நாலு என்று எடுத்துக்கொண்டது. 13/04 என்றால் பதின்மூன்றாவது மாதம் இல்லை என்பதால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. மாதத்தில் முதல் பன்னிரண்டு நாள் செலவு வேறு மாதங்களில் சிதறி, மீதி நாள் செலவு எங்கேயும் சேராமல் நின்றது. ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் லோகேலை இந்தியா என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். முதல் நாளே செய்ய வேண்டிய வேலை. நடுவில் மாற்றினால் பழைய தேதிகளை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கும், நான் திருத்தினேன்.

இவர் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். லேப்டாப் பக்கமே வரமாட்டார். அவருக்காக ஒரு கூகுள் ஃபார்ம் செய்து போனின் முகப்பில் குறுவழியாக வைத்துக் கொடுத்தேன். தொகை, இனம், எந்தக் கணக்கு, அவ்வளவுதான், தேதியை அதுவே போட்டுக்கொள்ளும். முதல் மாதம் சமர்த்தாக அடித்தார். இரண்டாவது மாதம் 3,200 ரூபாய்க்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கியதை நேர்மையாகப் பதிந்திருந்தார், நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "இது இப்ப அவசியமா?" என்று கேட்டுவிட்டேன். அடுத்த இரண்டு வாரம் அவர் பக்கத்திலிருந்து ஒரு பதிவும் வரவில்லை. கேட்டதற்கு, "கணக்கு எழுதினா விசாரணை வருது" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதன் பிறகு ஆளுக்கு மாதம் 1,500 ரூபாய் கேட்கக் கூடாத பணம் என்று ஒதுக்கினோம். அதை ஒரே வரியில் பதிவோம், எதற்கென்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. நான் என் 1,500-ஐ என்ன செய்கிறேன் என்று இங்கேயும் சொல்லப்போவதில்லை.

தினமும் பதியும் பழக்கத்தையும் விட்டுவிட்டோம். யுபிஐ வந்த பிறகு டீக்குக் கொடுக்கும் பன்னிரண்டு ரூபாய்க்குக்கூட போனில் தடயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் போனைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வாரத்தை இருபது நிமிஷத்தில் அடித்துவிடுகிறோம். சின்னச் சின்னத் தொகைகளைச் சேர்த்து ஒரே வரி.

இப்படி நாலு மாதம் ஓடியதும், பெருமையாக லேப்டாப்பை மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வட்டமாக, துண்டு துண்டாக நிறம் போட்ட படம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

"வட்டம் நல்லாத்தான் இருக்கு. இருப்பு எங்கம்மா?"

இருப்பு இல்லை. வரவும் செலவும் இருந்ததே தவிர, மிச்சம் இவ்வளவு இருக்க வேண்டும், இருக்கிறதா என்று நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்கே உட்கார்ந்து போட்டோம். ஷீட்டின்படி எல்லாக் கணக்கிலும் கையிலும் சேர்த்து 9,410 இருக்க வேண்டும். உண்மையில் இருந்தது 6,350. இடிப்பது 3,060. மூவாயிரம்தானே, எங்காவது விட்டுப்போயிருக்கும் என்று நான் மூடப் பார்த்தேன். மாமா விடவில்லை, அவருக்கு ஆறு ரூபாயே தூங்கவிடாது.

தோண்டத் தோண்ட வந்தது. இவர் ரொக்கமாகக் கட்டிய சீட்டுத் தவணை 5,000 பதிவில் இல்லை. பள்ளி வேன் 1,800 இல்லை. எதுவென்று பிடிபடாத 1,080. ஆக 7,880 விட்டுப்போயிருந்தது. அப்படியானால் 7,880 அல்லவா இடிக்க வேண்டும், 3,060 மட்டும் ஏன்? கிரெடிட் கார்டில் வாங்கியவற்றை வாங்கிய அன்றே செலவு என்று பதிந்திருந்தேன், அப்புறம் மாதக் கடைசியில் கார்டு பில் 4,820 கட்டியதையும் இன்னொரு செலவு என்று பதிந்திருந்தேன். ஒரே செலவு இரண்டு தடவை. இரண்டு தப்பும் எதிரெதிர்த் திசையில் இருந்ததால் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு, வெளியே மூவாயிரமாக மட்டும் தலைகாட்டியது.

அன்றிலிருந்து இரண்டு விஷயம் சேர்த்தேன். "இடமாற்றம்" என்று ஒரு இனம்: நம் கணக்கிலிருந்து நம் இன்னொரு கணக்குக்குப் போவது, ஏடிஎம்மில் எடுப்பது, கார்டு பில் கட்டுவது எல்லாம் அதில். செலவுக் கூட்டலில் அது சேராது. இன்னொன்று, மாதம் ஒன்றாம் தேதி ஒவ்வொரு வங்கிக் கணக்கின் உண்மையான இருப்பையும் ஒரு சின்னத் தாளில் எழுதி, ஷீட் சொல்லும் இருப்பைப் பக்கத்தில் வைத்துக் கழிப்பது. வித்தியாசம் 500-க்குள் இருந்தால் "தெரியாது" என்று போட்டு மூடுவேன். மாமாவுக்கு இதில் உடன்பாடு கிடையாது.

ஜூன் மாத நகைக்கு வருகிறேன். மாதக் கணக்குப் போடுகிற எல்லாரும் விடுவது இங்கேதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மாதச் செலவு எங்களுக்கு என்றுமே இடித்ததில்லை. மாதாமாதம் வராத செலவுகள்தான் ஆளைக் கவிழ்த்தன. ஒரு வருஷப் பதிவு சேர்ந்ததும் அவற்றை மட்டும் பிரித்துத் தனித் தாளில் எழுதினேன். பள்ளிக் கட்டணம் 58,000. புத்தகம், சீருடை, ஷூ 9,000. ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் 28,600. மருத்துவக் காப்பீடு 24,000. இரண்டு வண்டிக்கு இன்ஷூரன்ஸ் 3,400. அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரி இரண்டும் சேர்த்து 4,300. தீபாவளி 25,000. குலதெய்வம் கோயிலுக்குப் போய்வர 8,000. மொய் 32,000. கூட்டினால் 1,92,300.

இதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 16,025. அதாவது ஒவ்வொரு மாதமும் கையில் மிச்சம் என்று நினைத்துச் செலவழித்த பணத்தில் பதினாறாயிரம் ஏற்கெனவே யாருக்கோ சொந்தம். ஜூனில் பள்ளியும் புத்தகமும் சேர்ந்து 67,000 கேட்கும்போது நகை பீரோவை விட்டுக் கிளம்பியதில் என்ன ஆச்சரியம்? இப்போது என் சம்பளம் வந்த மறுநாளே 16,000 வேறொரு வங்கிக் கணக்குக்குப் போய்விடும். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு வாங்கவில்லை, யுபிஐயிலும் சேர்க்கவில்லை, வேண்டுமென்றேதான். முதல் வருஷம் ஜூன் வருவதற்குள் போதுமான அளவு சேரவில்லை, அந்த வருஷமும் நகை போயிற்று. இரண்டாவது ஜூனில் போகவில்லை.

கடை வரும்படிக்கு வேறு வழி. எலக்ட்ரிக்கல் கடையில் கோடைக்காலம் ஃபேன் வியாபாரத்தில் கொழிக்கும், மழைக்காலத்தில் ஈ ஓட்டும். இவர் கல்லாவிலிருந்து அவ்வப்போது எடுத்து வந்து கொடுப்பார், நல்ல மாதத்தில் நாங்களும் நல்லபடியாகச் செலவழிப்போம். ஷீட்டில் பதினெட்டு மாதம் சேர்ந்ததும் பார்த்தால், குறைந்த மாதம் 22,000, கூடிய மாதம் 71,000. சராசரி எடுத்து அதை வைத்துத் திட்டம் போடலாம் என்றார் இவர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, சராசரி என்பது பாதி மாதங்களில் வராத பணம். கடையிலிருந்து வீட்டுக்கு 35,000 சம்பளம் என்று வைத்துக்கொண்டோம். அதற்கு மேல் வந்தால் கடைக் கணக்கிலேயே நிற்கும், மழைக்காலத்தில் அதிலிருந்து 35,000-ஐ நிரப்பிக்கொள்வார். தன் கடையில் தனக்கே சம்பளமா என்று முதலில் சங்கடப்பட்டார். இப்போது ஒன்றாம் தேதி அவரே போட்டுவிட்டு, "சம்பளம் வந்துருச்சா?" என்று என்னைக் கேட்கிறார்.

மூன்றாவது கேள்வி, வீட்டுக் கடன். 2021 ஏப்ரலில் 25 லட்சம் வாங்கினோம், 6.7 சதவீத வட்டி, 20 வருஷம், இஎம்ஐ 18,935. மாறும் வட்டி, ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு, அதாவது அது மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியோடு, சேர்ந்து ஏறி இறங்குவது. நான் மாதத்துக்கு ஒரு வரி என்று 240 வரி போட்டு வைத்தேன்: தொடக்கக் கடன், வட்டி, அசல், மீதிக் கடன், பக்கத்தில் அந்த மாத வட்டி விகிதம். முதல் தவணையில் வட்டிக்கு 13,958, அசலுக்கு 4,977 போனது.

2022 மே மாதம் ரெப்போ ஏறத் தொடங்கியது. 4 சதவீதத்தில் இருந்தது 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. ஒவ்வொரு தடவையும் வங்கியிலிருந்து வட்டி மாற்றப்பட்டது என்று ஒரு குறுஞ்செய்தி வரும், இஎம்ஐ மட்டும் அதே 18,935. "பரவாயில்லையே, ஏத்தலையே" என்று இவருக்கு நிம்மதி. நான் ஷீட்டில் வட்டிப் பத்தியை மட்டும் மாற்றிக்கொண்டே வந்தேன், கீழே என்ன ஆகிறது என்று பார்க்கவில்லை. 2023 மார்ச்சில் 9.2 என்று மாற்றிவிட்டு அசல் பத்தியைப் பார்த்தால், 451 ரூபாய்.

முதலில் ஏதோ ஃபார்முலா உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கையால் போட்டுப் பார்த்தேன். மீதிக் கடன் 24 லட்சத்து 11 ஆயிரம், அதற்கு ஒரு மாத வட்டி 18,484, நாங்கள் கட்டுவது 18,935, வித்தியாசம் 451. சரிதான். எத்தனை மாதத்தில் முடியும் என்று சொல்லும் என்பெர் ஃபார்முலாவைப் போட்டேன், 489 என்றது. நாற்பது வருஷம் ஒன்பது மாதம். இவருக்கு அப்போது 41 வயது. வங்கி இஎம்ஐயை ஏற்றாமல் காலத்தை நீட்டிக்கொண்டே போயிருக்கிறது, காலம் எவ்வளவு நீண்டது என்பதை எந்தக் குறுஞ்செய்தியும் சொல்லவில்லை.

அச்சடித்து எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனோம். அங்கிருந்தவர், நிறைய பேர் தவணை ஏறாமல் இருந்தால் போதும் என்றுதான் சொல்கிறார்கள் என்றார், அது உண்மையாகவும் இருக்கலாம். காலத்தைப் பழையபடி, 240-ல் மீதியிருந்த 218 மாதத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் இஎம்ஐ எவ்வளவு என்று நான் பிஎம்டி ஃபார்முலாவில் போட்டு வைத்திருந்தேன், 22,797 வந்தது. 22,800 என்று எழுதிக் கொடுத்தோம். மாதம் கிட்டத்தட்ட நாலாயிரம் கூடுதல். வலித்தது, வெளிச்சாப்பாடு என்ற இனம் அந்த வருஷம் இளைத்துப்போனது. அதே வருஷம் ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது இஎம்ஐயை ஏற்றுவதா காலத்தை நீட்டுவதா என்பதைக் கடன் வாங்கியவரைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. 2025-ல் ரெப்போ இறங்கியபோது நாங்கள் இஎம்ஐயைக் குறைக்கச் சொல்லவில்லை, 22,800-ஐயே விட்டுவிட்டோம். அந்த வருஷம் செப்டம்பரில் போட்டுப் பார்த்தபோது பழைய கெடுவுக்கு 21 மாதம் முன்னாலேயே முடியும் என்று வந்தது. வீட்டுக் கடன் இருக்கிறவர்கள் வேறு எந்த ஷீட்டும் போடாவிட்டாலும் இந்த ஒன்றைப் போட்டுவிடுங்கள், பத்து நிமிஷ வேலை.

கரண்ட் பில்லும் ஒரு பாடம் கற்றுக்கொடுத்தது. 2023 கோடையில் இரண்டு மாதத்துக்கு 512 யூனிட் ஓடி, 2,046 ரூபாய் வந்தது. 2022 செப்டம்பரில் வந்த விகிதத்தில் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2.25, அப்புறம் 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். ஆனால் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை போய், 101-லிருந்தே 4.50 ஆகிவிடும். 500-ல் நின்றிருந்தால் 1,725 தான். கடைசி 12 யூனிட்டுக்கு 321 ரூபாய். இப்போது ரீடிங் எடுத்த நாளிலிருந்து 45-வது நாள் மீட்டரைப் பார்த்து ஷீட்டில் போடுவேன், இந்த வேகத்தில் போனால் எங்கே முடியும் என்று சொல்லும். எல்லையை ஒட்டி வந்தால் கடைசி வாரம் ஏசிக்கு ஓய்வு. இதில் ஒரு சின்ன நுணுக்கம், விகிதங்களை ஃபார்முலாவுக்குள் எழுதாமல் ஓரமாகத் தனிக் கட்டங்களில் வைத்து அவற்றைச் சுட்ட வேண்டும். 2024 ஜூலையில் விகிதம் மாறியபோது நான் அந்தக் கட்டங்களை மட்டும் மாற்றினேன், ஃபார்முலாவைத் தொடவே இல்லை.

மொய்க்குத் தனி ஷீட். மாமாவுக்குப் பூர்வீகம் பேராவூரணிப் பக்கம், ஆடி மாதத்தில் மொய் விருந்து வைக்கும் ஊர். அங்கே மொய் என்றால் அன்பளிப்பு என்று யாரும் நினைப்பதில்லை, வட்டியில்லாக் கடன், திருப்பிச் செய்யும்போது மேலே கொஞ்சம் போட்டுத்தான் செய்ய வேண்டும், மறந்தால் உறவே போய்விடும். மாமாவின் மொய் நோட்டுகளில் இருந்த அறுநூற்றுச் சொச்சம் பெயர்களை மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அடித்தேன், அவர் படிக்கப் படிக்க. பெயர், ஊர், வீட்டு அடையாளம், அவர்கள் செய்தது, நாம் செய்தது, தேதி. பெயரை மட்டும் வைத்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது, ஒரே ஊரில் ஒரே பெயரில் ஐந்து பேர் இருப்பார்கள், "தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு" என்பதுதான் உண்மையான முகவரி. இப்போது பத்திரிகை வந்தால் போனிலேயே தேடி எவ்வளவு செய்ய வேண்டும் என்று பார்த்துவிடுகிறோம். மாமா அதை நோட்டோடு ஒருதடவை ஒத்துப் பார்த்த பிறகுதான் பணத்தைக் கவரில் போடவிடுவார்.

மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி ஒரு பென்டிரைவில் வைக்கிறேன். ஷீட்டில் பாஸ்வேர்டோ பின் நம்பரோ எந்தக் காலத்திலும் எழுதியதில்லை, எழுதவும் கூடாது. ஆனால் எந்த வங்கியில் எந்தக் கணக்கு, எந்தப் பாலிசி எப்போது முடிகிறது, யார் நாமினி என்று ஒரே ஒரு பக்கம் தயார் செய்து, அதைப் பிரிண்ட் எடுத்து பீரோவில் மாமாவின் நோட்டுகளோடு வைக்கலாம் என்று போன மாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழக்கம்போலக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தவர், இவருடைய பழைய பாலிசி ஒன்றில் விரலை நிறுத்தினார். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. நாமினி என்ற இடத்தில் மாமாவின் பெயரே இருந்தது.

"எனக்கு எழுபத்தாறு வயசாகுது. இதை முதல்ல மாத்தும்மா."

மறுநாளே படிவம் வாங்கி வந்துவிட்டேன். மூன்று வாரமாக என் கைப்பையில்தான் இருக்கிறது, இவர் கையெழுத்துப் போட வேண்டும்.